திறந்த வாசலும் எமது தயக்கமும்

டெனிஷ் மொழியைக் கற்கத் தொடங்கிய முதல் ஆண்டில் என்னைத் திடுக்கிடச் செய்த சொல் ஒன்று உண்டு. கொப்பன்ஹேகன் நகரின் நடுவே, கொங்கன்ஸ் நியூதோவ் சதுக்கத்தின் ஓரத்தில், நீஹவுன் கால்வாய்க்கு அருகாமையில் சார்லொட்டன்போர்க் என்னும் பழைய மாளிகை நிற்கின்றது. மொழிப் பாடசாலை முடிந்து பேருந்துக்கு நடந்த ஒரு மாலையில், ஈரப்பனிக்கு ஒதுங்கி அதன் வாசலில் நின்றேன். அங்கே ஒட்டப்பட்டிருந்த சுவரொட்டியை எழுத்துக்கூட்டி வாசித்தேன். வசந்தகாலக் கண்காட்சி என்று இருந்தது, விளங்கிற்று. அதற்குக் கீழே 'சென்சுர்' என்று இருந்தது. அதுவும் விளங்கிற்று. விளங்கியதுதான் இடைஞ்சல்.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு அச்சொல்லை அகராதியில் தேடவேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் செய்தித் தணிக்கை கடுமையாக்கப்பட்டபோது நான் பல்கலைக்கழக மாணவன். மாலை வேளைகளில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்கும் வேலை செய்து வந்தேன். தணிக்கைக்குப் போய்த் திரும்பிய பக்கங்களில் வரிகள் அடிக்கப்பட்டிருக்கும். அடித்தவர் யார் என்று அதில் இராது; ஏன் அடித்தார் என்றும் இராது. ஒருமுறை எறிகணை வீழ்ந்த கிராமத்துச் செய்தியொன்றில் இறந்த மனிதரின் தொகையை வெட்டிவிட்டு, இறந்த மாடுகளின் தொகையை விட்டுவைத்திருந்தார்கள். ஆசிரியபீடத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் அதை வாசித்துச் சிரித்தார். பின்பு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்தச் சொல்லை நான் இந்த நாட்டின் அரண்மனை வாசலில் எதிர்பார்க்கவில்லை.

டெனிஷ் மொழியில் அதற்கு வேறொரு வாழ்வு உண்டென்பதைப் பின்னர்தான் அறிந்தேன். உங்கள் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு முடிவில் வாய்மொழிப் பரீட்சைக்குச் செல்லும்போது, வகுப்பாசிரியருக்குப் பக்கத்தில் வெளியிலிருந்து வந்து அமர்ந்து புள்ளி போடுகின்றாரே, அவருக்குப் பெயர் 'சென்சோர்'. அவ்வாறே, யாரும் தமது படைப்பை அனுப்பலாம் என அறிவிக்கும் கலைக் கண்காட்சிகளில், வந்தவற்றுள் எவற்றைக் காட்சிக்கு வைப்பதெனத் தீர்மானிக்கும் நடுவர்களும் 'சென்சோர்'களே. அரசியலில் இந்நாடு அச்சொல்லைத் துரத்திவிட்டது. அரச மருத்துவராக வந்து ஆட்சியைக் கையில் எடுத்த ஸ்ட்ருவன்சே என்பவர் 1770இல் அச்சுத் தணிக்கையை முற்றாக நீக்கினார். அவருடைய தலை இரண்டு ஆண்டுகளில் வெட்டப்பட்டது. கட்டுப்பாடுகளும் வேறு உருவங்களில் திரும்பி வந்தன. ஆயினும் 1849ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தணிக்கையை இனி ஒருபோதும் மீளக் கொண்டுவரலாகாது என்று எழுதிவைத்தது. இன்று நடைமுறையிலுள்ள 1953ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 77ஆம் பிரிவிலும் அவ்வுறுதி அப்படியே நிற்கின்றது. துரத்தப்பட்ட சொல் பரீட்சை மண்டபத்திலும் ஓவியக் கூடத்திலும் ஒதுங்கிக்கொண்டது போலும்.

இந்தக் கண்காட்சியைப் பற்றியே இன்று எழுத விழைகின்றேன். வதிவிட அனுமதிக்கும், ஊரில் விட்டுவந்தவர்களின் கவலைக்கும், மாதக் கடைசியின் கணக்குகளுக்கும் இடையில் ஓவியக் கண்காட்சி ஒரு கேடா என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயம். நானும் பல ஆண்டுகள் அப்படியே நினைத்து அந்த வாசலைக் கடந்து போனவன்.

சார்லொட்டன்போர்க் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த மாளிகை. 1700இல் அதனை வாங்கிய விதவை அரசி சார்லொட்டெ அமாலியின் பெயர் அதற்கு நிலைத்தது. 1754 முதல் அரச நுண்கலைக் கழகம் அங்கேதான் இருக்கின்றது. 1857 முதல் வசந்தகாலக் கண்காட்சி நடந்துவருகின்றது. அதற்கெனப் பின்புறத்தில் எழுப்பிய கட்டடம் 1883இல் திறக்கப்பட்டது. லண்டனில் உறவினர் உள்ளோர் றோயல் அக்கடமியின் கோடைகாலக் கண்காட்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1769 முதல் நடப்பது. அதன் இனத்தைச் சேர்ந்ததே இது. ஓவியம், சிற்பம் என்பவற்றோடு நெசவு, மட்பாண்டம், புகைப்படம், வீடியோ, கட்டடக்கலை என்று இன்று அதன் எல்லை விரிந்திருக்கின்றது. அனுப்புபவரின் வயது கேட்கப்படுவதில்லை. நாட்டுரிமை கேட்கப்படுவதில்லை. எந்தப் பள்ளியில் கற்றீர், எந்தப் பட்டம் பெற்றீர் என்ற கேள்வியும் இல்லை. விண்ணப்பக் கட்டணம் ஒன்று உண்டு. நடுவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் பல நூறு பேர் அனுப்ப, சில பத்துப் பேர் மட்டுமே உள்ளே போகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கொப்பன்ஹேகனின் டென் பிறீ கூடத்தில் நடக்கும் கலைஞர்களின் இலையுதிர்காலக் கண்காட்சியும், ஓகூஸ் நகரில் நடக்கும் இன்னொன்றும் இதே முறையில் நடப்பவை. ஆகவே யூலண்டில் உள்ளவர்கள் தலைநகர் தூரம் என்று சாட்டுச் சொல்ல இடமில்லை.

பள்ளி கேட்கப்படுவதில்லை என்பதன் பெறுமதி டெனிஷ் மக்களின் வரலாற்றிலேயே தெரிகின்றது. வடமுனையிலுள்ள மீனவக் கிராமமான ஸ்கேகனில் விடுதி நடத்திய குடும்பத்தின் மகள் அன்னா அங்கர். அரச நுண்கலைக் கழகத்தின் கல்விக்கூடம் 1888 வரை பெண்களுக்கு இடம் கொடுக்கவில்லை. அவரோ 1880இலேயே சார்லொட்டன்போர்க் கண்காட்சியில் தம் ஓவியத்தை வைத்துவிட்டார். ஒரே மாளிகையின் ஒரு கதவு பூட்டியிருக்க, மறுகதவால் அவர் உள்ளே போனார். சமையலறையில் வேலைசெய்யும் பெண்ணையும், யன்னல் வழியாகச் சுவரில் விழும் வெயிலையும் வரைந்த அவர், இன்று இந்நாட்டின் முதல்வரிசை ஓவியர்களுள் ஒருவராக எண்ணப்படுகின்றார்.

இன்னொரு செய்தி. டென்மார்க்கைத் தாயாக உருவகித்து வரைந்த பிரபலமான ஓவியம் ஒன்று உண்டு. கோதுமை வயலில், கையில் கொடியும் பழங்கால வாளும் ஏந்தி நடக்கும் பெண். பாடப்புத்தகங்களில் உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கக்கூடும். 1851இல் அதை வரைந்தவர் எலிசபெத் ஜெரிக்கோ-பவுமன். வார்சோ நகரில் பிறந்து, ஜெர்மனியில் கற்று, திருமணத்தால் இங்கு வந்த பெண். டெனிஷ் தேசியக் கலையே வேண்டுமென்று நின்ற அக்கால விமர்சகர் பலருக்கு அவர் கடைசிவரை அந்நியராகவே இருந்தார். 'டென்மார்க் தாய்' ஒரு வந்தேறியின் தூரிகையில் பிறந்தவள் என்பதை, குடிவரவைப் பற்றி ஆவேசமாகப் பேசும் அரசியல்வாதிகள் எத்தனை பேர் அறிவார்களோ தெரியவில்லை.

வாசல் திறந்திருந்தது என்பதனால் உள்ளே இருந்தோரின் கண்ணும் திறந்திருந்தது என்று கொள்ளலாகாது. வில்ஹெல்ம் ஹமர்ஸ்ஹோய் என்ற ஓவியரின் பெயரை இன்று உலகம் அறியும். சாம்பல் நிற அறைகள், முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண், அரைவாசி திறந்த கதவு: இவையே அவரது உலகம். இங்குள்ள நவம்பர் மாதத்தை அனுபவித்த எந்தத் தமிழனுக்கும் அந்த ஓவியங்களை விளக்கத் தேவையில்லை. அவர் 1888இல் அனுப்பிய, தையல் வேலை செய்யும் பெண்ணின் ஓவியத்தைச் சார்லொட்டன்போர்க் நடுவர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1890இலும் அவருக்கு அதுவே நேர்ந்தது. அவரும் வில்லும்சன், யொஹான் றோட முதலான இளைஞர்களும் சும்மா இருக்கவில்லை. 1891இல் தமக்கென ஒரு கண்காட்சியை நிறுவினார்கள். அதுவே நான் மேலே குறிப்பிட்ட டென் பிறீ. 'சுயாதீனம்' என்று பொருள். 1893இல் அவர்கள் கொகானின் ஓவியங்களையும் வான்கோவின் ஓவியங்களையும் கொப்பன்ஹேகனுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். வான்கோ இறந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐரோப்பாவின் பெரிய தலைநகரங்களே அவரை இன்னும் சரிவரப் பார்த்திராத காலம் அது. வில்லும்சன் வரைந்த திட்டப்படி 1898இல் அவர்களுக்கென ஒரு மரக்கட்டடமும் எழுந்தது. பின்னர் இடம்பெயர்க்கப்பட்ட அக்கட்டடம் இப்போது ஒஸ்டர்போர்ட் புகையிரத நிலையத்தின் அருகில் நிற்கின்றது. அதில்தான் இலையுதிர்காலக் கண்காட்சி நடைபெறுகின்றது.

பரிஸிலும் 1863இல் இதையொத்த ஒன்று நடந்தது. மனே முதலானோரின் ஓவியங்கள் நிராகரிக்கப்பட்டு எதிர்ப்பு எழுந்தபோது, மூன்றாம் நெப்போலியன் 'நிராகரிக்கப்பட்டோர் கண்காட்சி' ஒன்றுக்கு உத்தரவிட்டார். மன்னர் கருணை காட்டினார். சனம் போய்ப் பார்த்துச் சிரித்தது. கொப்பன்ஹேகனில் யாருடைய கருணைக்கும் காத்திராமல் தாமே கூடிச் செய்துகொண்டார்கள். எங்கள் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. இலங்கைக் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிகளில் கோலோச்சிய பழைய ரசனையோடு முரண்பட்டு, 1943 ஓகஸ்டில் லயனல் வென்ட், ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலானோர் கொழும்பில் '43 குழு'வை அமைத்தார்கள். இன்று இலங்கையின் நவீன ஓவியம் என்றாலே அவர்களிலிருந்துதான் பேச்சு ஆரம்பமாகின்றது.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஹமர்ஸ்ஹோயைத் திருப்பி அனுப்பியவர்கள் யார் என்று ஊர் அறிந்திருந்தது. அவர்களோடு வாதாட முடிந்தது. பத்திரிகையில் எழுதித் திட்ட முடிந்தது. அவர்களுக்கு எதிரே இன்னொரு கூடத்தைக் கட்டவும் முடிந்தது. இன்றும் நடுவர்களின் பெயர்கள் வெளியிடப்படுகின்றன. நீங்கள் போய்ப் பார்த்து, 'இவற்றையா தேர்ந்தீர்கள்?' என்று கேட்கலாம். அடுத்த ஆண்டு வேறு நடுவர்கள் வருவார்கள்; வாசல் மறுபடி திறக்கும். மாடுகளின் தொகையை விட்டுவைத்த அந்தப் பெயரற்ற பேனாவையும் இவர்களையும் ஒரே சொல்லால் அழைப்பது மொழியின் விளையாட்டு.

இனி எம்மவரைப் பற்றி.

ஹேர்னிங் பக்கத்துச் சிறு பட்டணம் ஒன்றில் வாழும் மூத்தவர் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். 1986இல் இங்கு வந்தவர். இறைச்சித் தொழிற்சாலையில் கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் ஓவியம் வரைவார் என்பது அவருடைய வீட்டாருக்கும் இன்னும் இரண்டொருவருக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. மாடிக் குடியிருப்பின் நிலவறையில், சைக்கிள்களுக்கும் பழைய தொட்டிலுக்கும் பின்னால், படுக்கை விரிப்புகளில் சுற்றிய நாற்பது ஓவியங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காட்டினார். பனைமரமும் கிடுகுவேலியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு பனைகூட இல்லை.

தொழிற்சாலையின் உடைமாற்றும் அறை. வரிசையாகக் கொளுவியில் தொங்கும் வெள்ளை மேலங்கிகள். கீழே வரிசையாக இறப்பர் சப்பாத்துகள். மனிதர் எவரும் இல்லை. இன்னொன்றில், மண்டபத்தின் உடுப்புத் தொங்கவிடும் மூலையில், பெரியவர்களின் குளிர்கோட்டுகளை விரித்து அதன்மேல் நித்திரையாகிவிட்ட ஐந்தாறு பிள்ளைகள். மேடையில் நடக்கும் விழாவின் வெளிச்சம் ஒரு கீற்றாக உள்ளே வருகின்றது. வேறொன்று தெருவோரத் தொலைபேசிக் கூண்டு. கண்ணாடிக்குள் ஒரு மனிதர். பெட்டியின்மேல் அடுக்கிவைத்த ஐந்து குறோணர் நாணயங்கள். அவர் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார். முகம் கோணிப்போய் இருக்கின்றது. 1987ஆம் ஆண்டு என்று மூலையில் எழுதியிருந்தார். எமது சமூகம் இந்த நாட்டில் வாழ்ந்த வாழ்வைப் பற்றி எத்தனையோ கட்டுரைகளும் ஆய்வுகளும் வந்துவிட்டன. நானே சில எழுதியிருக்கின்றேன். அந்தக் கூண்டுக்குள் இருந்தது அவற்றுள் எதிலும் இல்லை.

"இவற்றில் ஒன்றை வசந்தகாலக் கண்காட்சிக்கு அனுப்புங்கள், அண்ணை" என்றேன். அவர் சிரித்தார்.

"தம்பி, இந்த நாட்டில நான் நிரப்பின போம் எல்லாத்தையும் அடுக்கினா உந்தப் படங்களைவிட உயரமா வரும். இன்னொண்டையும் நிரப்பி, காசும் கட்டி, இன்னொரு 'இல்லை' வாங்கோணுமே?"

இதற்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அவர் சொன்னது சோம்பலின் பேச்சன்று. 1987இன் பின் அவருடைய தலைமுறைக்கு என்ன நடந்தது என்பதை இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும். அகதிகளாக ஏற்கப்பட்ட தமிழர்கள் தம் மனைவி பிள்ளைகளை அழைக்கச் செய்த விண்ணப்பங்கள், சட்டம் கொடுத்த உரிமைக்கு மாறாக, நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சனின் பணிப்பால் தேக்கிவைக்கப்பட்டன. 'தமிழர் விவகாரம்' என்று இந்நாட்டு வரலாறு சொல்வது அதைத்தான். விசாரணை அறிக்கை வெளிவந்ததும் 1993 ஜனவரி 14ஆம் நாள் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அரச நீதிமன்றம் முன்னாள் அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. ஓர் அரசாங்கம் எமது கோப்புகளால் வீழ்ந்தது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். காத்திருந்தவர்களுக்கோ அந்தப் பெருமை பிந்திவந்த ஒன்று. அவர்களுக்கு 'இல்லை' என்ற விடைகூட வரவில்லை. விடையே வரவில்லை. தொலைபேசிக் கூண்டுக்குள் நின்ற மனிதருக்கு மறுமுனையில் மனைவி என்ன கேட்டிருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை.

இப்படி ஒரு வரலாறு உள்ளவர்கள் இன்னொரு விண்ணப்பத்துக்கு அஞ்சுவது இயல்பே. ஆயினும் அந்த அச்சம் இரண்டு வேறு வாசல்களை ஒன்றாக்கிக் காட்டிவிடுகின்றது. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஒரு வாழ்வு கவிழ்கின்றது. கண்காட்சியில் மறுக்கப்பட்டால் ஓவியம் வீட்டுக்குத் திரும்பி வருகின்றது. ஓராண்டு கழித்து மறுபடி போகலாம். முன்னதில் நாம் யார் என்பதை நாமே நிரூபிக்க வேண்டும். திகதி பிசகினால் பொய்யர் ஆகின்றோம். பின்னதில் ஊரின் பெயர், வந்த வழி, பயண முகவர் யார் என்று எவரும் வினவுவதில்லை. இந்த நாட்டில் எமது கடவுச்சீட்டையும் காயத்தையும் பாராமல் நாம் செய்த பொருளை மட்டும் பார்க்கும் மேசைகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றை நாமே ஒதுக்கிவைப்பது எனக்கு வருத்தமாக இருக்கின்றது.

மூத்தவருக்கு இரண்டாவது அச்சம் ஒன்றும் இருந்தது. அதை அவர் உடனே சொல்லவில்லை. நாற்பது ஓவியங்களில் ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கேட்டபோது, தயக்கத்தோடு திருப்பினார். ஒரு மண்டபம், நடுவே அகலமாக ஓர் இடைவெளி, இருபுறமும் கதிரைகள், ஒருபுறம் நிறைந்திருக்க, மறுபுறம் காலியாகக் கிடக்கின்றது. அவருடைய ஊரில் சங்கம் இரண்டாகப் பிரிந்த நாளின் ஓவியம் அது. "இதை வெளியில வைச்சா, எந்தப் பக்கத்துக்காக வரைஞ்சனான் எண்டு கேப்பினம்" என்றார். தொலைபேசிக் கூண்டு ஓவியத்திலும் அதே தயக்கந்தான்: முகத்தை வைத்து இன்னாருடைய தகப்பன் என்று யாரும் சொல்லிவிட்டால்?

இந்த இடத்தில் எனக்கு 2000ஆம் ஆண்டின் அந்தப் பக்கங்கள் மறுபடி கண்முன் வந்தன. எம்மிடையேயும் பெயரில்லாத பேனா ஒன்று உலாவுகின்றது. அதற்கு அலுவலகம் இல்லை, ஆணை இல்லை. திருமண வீட்டில் ஒரு முகச்சுளிப்பு, தொலைபேசியில் ஒரு 'உவருக்கு ஏன் உந்த வேலை', அவ்வளவு போதும். வரைந்தவர் தாமே ஓவியத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்துவிடுகின்றார். டெனிஷ் நடுவர் ஐந்நூறை மறுப்பார். தம் பெயரை அச்சில் போடுவார். எம்மவர் எதையும் மறுப்பதில்லை. எதுவும் அவர்வரை வந்து சேர்வதே இல்லை.

எமது சங்கங்கள் நடத்தும் சிறுவர் ஓவியப் போட்டிகளுக்கு நானும் நடுவராகப் போயிருக்கின்றேன்; ஆகையால் இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. தலைப்பு முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிடும். 'எங்கள் தாயகம்', அல்லது 'பொங்கல் திருநாள்'. ஹொல்ஸ்ரெப்றோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, கண்ணால் கண்டிராத பனைமரத்தை, சென்ற ஆண்டு பரிசு பெற்ற பிள்ளையின் பனைமரத்தைப் பார்த்து வரைகின்றது. மூன்று பரிசுகள், மற்றவர்களுக்கு ஆறுதல் பரிசு, பிரதம விருந்தினரின் உரை. மழையில் பேருந்துக்குக் காத்துநிற்கும் தன்னை வரையும்படி அப்பிள்ளையிடம் எவரும் கேட்டதில்லை. வகுப்பில் தன் பெயரை ஆசிரியை பிழையாகக் கூப்பிடும் கணத்தை வரையச் சொன்னதும் இல்லை. ஊரை மறக்கக்கூடாது என்ற எமது ஏக்கம் மெய்யானது. அதை நான் எள்ளவில்லை. ஆனால் அந்த ஏக்கம் எங்களுடையது. பிள்ளையின் கையைப் பிடித்து எங்கள் ஏக்கத்தை வரைவித்துவிட்டு, 'எங்கட பிள்ளையள் நல்லாக் கீறுதுகள்' என்கிறோம்.

தற்காலக் கலை எமக்கு விளங்காது என்பது இன்னொரு சாட்டு. ஹேர்னிங்கில் உள்ளவர்களே இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கின்றேன். அந்த ஊரில்தான் 1961இல், சேட்டுத் தொழிற்சாலை முதலாளி ஒருவரின் ஆதரவில் வேலைசெய்த இத்தாலியக் கலைஞர் மன்சோனி, ஓர் இரும்புப் பீடத்தைச் செய்து, அதில் 'உலகத்தின் பீடம்' என்று எழுத்துகளைத் தலைகீழாகப் பொறித்து வைத்தார். எழுத்து நேராகத் தெரிய வேண்டுமானால் நீங்கள் தலைகீழாக நிற்க வேண்டும். அப்போது முழு உலகமும் அந்தப் பீடத்தின்மேல் வைத்த சிலையாகிவிடும். இதை எம்மவர் ஒருவருக்கு விளக்கினேன். "எங்களை அடிச்சுக் கலைச்ச அண்டைக்கே உலகத்தை அப்பிடித்தான் பாத்தனாங்கள்" என்றார். விளங்காதவர் பேசும் பேச்சா இது?

எமது மண்ணிலும் இப்படியான கலை வேரூன்றியிருக்கின்றது. 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடக்கினார். ஓவிய ஆசிரியர் அ. மாற்கு, 2000ஆம் ஆண்டில் மறையும்வரை, மாணவர்களைத் தம் வீட்டிலேயே கூட்டிவைத்துக் கற்பித்தார். இடப்பெயர்வுகளில் தம் ஓவியங்கள் பலவற்றை இழந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் 2011இல், முற்றுப்பெறாத தோம்பு எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். இடம்பெயர்ந்த 80 பேரிடம், தாங்கள் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரும்படி அவர் கேட்டார். கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எங்கே என்று அவர்கள் கீறிய நடுங்கும் கோடுகளே அதன் அடிப்படை. அவர்களுள் எவரும் தம்மை ஓவியர் என்று எண்ணியவர்கள் அல்லர். உங்கள் வீட்டில் உள்ள அம்மம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பாருங்கள்.

எனவே, செய்யக்கூடிய ஒன்றிரண்டைச் சொல்கின்றேன். கண்காட்சிக்கான அழைப்பு, அது நடைபெறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பாகவே வெளிவருகின்றது. கட்டணம் முகாமில் இருப்பவருக்குச் சுமை. சந்தொல்மில் கிடைக்கும் கைச்செலவுக் காசில் அதைக் கட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது. எமது ஒவ்வொரு சங்கமும் ஆண்டுதோறும் பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் செலவழிப்பதில் ஒரு சிறு பகுதியை எடுத்தால், ஒவ்வோர் ஊரிலிருந்தும் இருவர் மூவரின் கட்டணத்தைக் கட்டிவிடலாம். பொன்னாடை போர்த்தப்படாத பிரமுகர் ஒருவர் கோபித்துக்கொண்டால், அவரையும் ஒரு படம் வரையச் சொல்லலாம். வழக்கு நிலுவையில் உள்ளவர்கள், தம் முகமோ பிறர் முகமோ அடையாளம் தெரியும் படைப்பைப் பொதுவில் வைக்குமுன் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அதோடு, நாமும் ஒன்றை நடத்தலாம். நகர நூலகங்களில் சுவர் கேட்டால் கிடைக்கும். தலைப்புக் கொடுக்காமல், வயதும் ஊரும் கேளாமல், அழைப்பு விடுவோம். கீறத் தெரிந்த மூவரை, ஒருவரேனும் எம்மவர் அல்லாதவராக, நடுவராக்குவோம். அவர்கள் பெயரை அழைப்பிலேயே அச்சிடுவோம். மறுக்கப்பட்டவர்கள் ஆத்திரப்பட்டு எதிர்ச்சுவரில் இன்னொரு கண்காட்சி வைத்தால், சங்கம் இரண்டாகப் பிரிந்ததில் அதுதான் முதன்முதலாகப் பிரயோசனமான பிரிவாக இருக்கும்.

மூத்தவரின் வீட்டுக்குக் கடந்த மாதம் மறுபடி போயிருந்தேன். விண்ணப்பத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். படைப்பின் பெயரை டெனிஷில் எழுதுவதா தமிழில் எழுதுவதா என்று கேட்டார். இரண்டிலும் எழுதலாம் என்றேன். எந்த ஓவியம் என்பதில் இன்னும் முடிவில்லை. தொலைபேசிக் கூண்டையும் கதிரைகளையும் சுவரில் சாத்திவைத்துவிட்டு மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி, கோப்பைகளை வைத்துவிட்டுச் சற்று நேரம் நின்று பார்த்தார்.

"கதிரையளையே அனுப்புங்கோ" என்றார். "அது ஆற்ற கதிரை எண்டு அவைக்குத் தெரியாது. எங்கட ஆக்கள் போய்ப் பாத்தாத் தெரியட்டும்."

பிறகு தையற்பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்து வந்தார். 83க்கு 61 சதமமீற்றர்.